ஃப்ரீமேசன் சங்கத்துல காலேஜ் ஸ்டூடன்ட் சேரலாமா? வயசு, செலவு, ரகசியம்... முழு விவரம்!

"சித்தி, ஒரு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா ஜிபே பண்ண முடியுமா? அம்மாகிட்ட சொல்லாதீங்க."

திருக்கோகர்ணத்துல இருக்கிற அக்கா மகன்கிட்ட இருந்து ராத்திரி பத்தரை மணிக்கு போன். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில ரெண்டாவது வருஷம் படிக்கிறான். எதுக்குடான்னு கேட்டா, "ஃப்ரீமேசன்ல மெம்பர்ஷிப் கிடைச்சிருக்கு. இன்ஸ்டாவுல மெசேஜ் வந்துச்சு. நாளைக்குள்ள ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டணும். சேர்ந்துட்டா வேலை, கான்டாக்ட் எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்களாம்" என்றான். பாதி பணம் அவனே சேர்த்து வைத்திருந்தான். அது பரீட்சை ஃபீஸுக்கு வைத்திருந்த காசு.

பணம் அனுப்பவில்லை. ஆனால், அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. வீட்டில் முதல் தலைமுறையாகக் காலேஜ் போகிறவன். 'நமக்குன்னு பெரிய இடத்துல நாலு பேர் இருந்தா நல்லா இருக்குமே' என்ற ஆசை தப்பா என்ன? அதனால் அவனுக்காகத் தேடிப் படித்ததை எல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கலாம். இல்லை, நிஜமாகவே சேரும் ஆசை இருக்கலாம். ரெண்டு பேருக்குமே இது உதவும்.

முதல்ல, ஃப்ரீமேசன்னா யாரு?

ஐரோப்பாவில் கோயில், கோட்டை கட்டிய கல்தச்சர்களின் சங்க மரபை எடுத்துக்கொண்டு, கல் வேலையே தெரியாத ஆட்கள் ஆரம்பித்த சகோதர சங்கம் இது. 1717-ல் லண்டனில் நான்கு கிளைகள் ஒன்றுசேர்ந்து 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமை அமைப்பை உருவாக்கின. 1723-ல் விதிப்புத்தகம் அச்சானது. மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்த அந்தச் சின்னம், மேசன் கட்டும் ஏப்ரன் எல்லாமே கல்தச்சர் மரபிலிருந்து வந்தவை.

இவர்களின் கிளைக்குப் பெயர்தான் 'லாட்ஜ்'. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரூம் போடுற லாட்ஜ் இல்லைங்க! ஒரே ஊரில் பல லாட்ஜ்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. குறிப்பிட்ட நாளில் கூடுவார்கள், சடங்கு நடக்கும், கணக்கு வழக்கு பேசுவார்கள், நன்கொடை வேலைகளை முடிவு செய்வார்கள், முடிவில் சேர்ந்து சாப்பிடுவார்கள். கூட்டத்துக்குள் மதச் சண்டையும் அரசியல் விவாதமும் கூடாது என்பது பழைய விதி.

இந்தியாவில் இது வெள்ளைக்காரர்களோடு வந்தது. கல்கத்தாவில் 1730 வாக்கில் தொடங்கி, 1752-ல் மெட்ராஸுக்கு வந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகு, 1961 நவம்பர் 24 அன்று 'கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா' தனியாக உருவானது. தலைமையகம் டெல்லி ஜன்பத்தில் இருக்கிறது. தென்னிந்தியக் கிளையின் மையம் சென்னை எழும்பூர், எத்திராஜ் சாலையில் உள்ள ஃப்ரீமேசன்ஸ் ஹால். அதாவது, இது தலைமறைவு இயக்கம் கிடையாது. வாசலில் போர்டு வைத்த சங்கம்.

நம்ம பக்கத்துலயே ஒரு வரலாறு

திருக்கோகர்ணத்திலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி. இந்திய ஃப்ரீமேசன் வரலாற்றில் அந்த ஊருக்கு முக்கியமான இடம் உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா, 1770-களில் திருச்சியில்தான் இந்தச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். சேர்ந்த முதல் இந்தியர்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். லண்டனில் இருந்து அவருக்கு அலங்கரித்த ஏப்ரன் பரிசாக வந்தது. பிறகு 1795-ல் அவரே நவாப் ஆனார்.

நவாப் மகனுக்குக் கதவு சட்டென்று திறந்தது. சாதாரண இந்தியனுக்கு? கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வணிகர் 1860-களில் விண்ணப்பித்தார். 'இந்துக்கள் பல கடவுள்களைக் கும்பிடுகிறவர்கள், எப்படிச் சேர்ப்பது?' என்று இழுத்தடித்தார்கள். அவர் விடவில்லை. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் கழித்து 1872-ல்தான் சேர்த்துக்கொண்டார்கள். 'எல்லோரும் சகோதரர்கள்' என்று சொன்ன சங்கமே, யார் 'எல்லோரும்' என்பதில் தடுமாறியது. எந்தச் சங்கத்தில் சேர்வதாக இருந்தாலும் இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ இல்லுமினாட்டி?

ஒற்றைக் கண் மீம் பார்க்காத தமிழ் இளைஞர் யாராவது இருக்காங்களா? ஆனால், ரெண்டும் ஒன்று இல்லை. இல்லுமினாட்டி என்பது ஜெர்மனியின் பவேரியாவில் 1776 மே 1 அன்று தொடங்கிய ஒரு ரகசியக் குழு. ஆரம்பித்தவர் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஆடம் வைஸ்ஹாப்ட். முதல் உறுப்பினர்கள் அவரோட மாணவர்களேதான்! பிறகு ஃப்ரீமேசன் லாட்ஜ்களுக்குள் புகுந்து ஆள் சேர்த்தார்கள். அதனால்தான் ரெண்டு பெயரும் இன்றுவரை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. 1784, 1785-ல் பவேரிய அரசு தடை போட்டது. பத்து வருஷம்கூட முழுசாக ஓடாத குழு அது.

ஆக, 'இல்லுமினாட்டியில் சேர்த்துவிடுகிறேன்' என்று யார் மெசேஜ் அனுப்பினாலும், அது இல்லாத கடைக்கு வசூல் செய்யும் பில்.

யாரெல்லாம் சேரலாம்?

வயசு: இந்தியாவில் பொதுவாக 21 முடிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் இப்போது 18. ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங், லாகூரில் 1886-ல் 21 நிறைவதற்கு முன்பே சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்ந்தார். அது விதிவிலக்கு.

நம்பிக்கை: ஏதாவது ஒரு கடவுள் நம்பிக்கை கட்டாயம். எந்த மதம் என்று பார்ப்பதில்லை. உறுதிமொழி எடுக்கும்போது அவரவர் புனித நூல் மீதே எடுக்கலாம். பகவத் கீதை, குர்ஆன், பைபிள் எதுவானாலும் சரி. பெரியார் வழி வந்த நாத்திகத் தோழர்களுக்கு இங்கே இடமில்லை. பிரான்ஸின் 'கிராண்ட் ஓரியன்ட்' அமைப்பு மட்டும் 1877-ல் இந்த விதியையே நீக்கியது. அதனால் இங்கிலாந்து மரபினர் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டார்கள்.

கத்தோலிக்கர்கள் கவனிக்க: உங்கள் திருச்சபை இதை அனுமதிப்பதில்லை. 1738-ல் போப் போட்ட தடை, 1983-ல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 2023-லும் வத்திக்கான் அதையே சொன்னது. இஸ்லாமிய அறிஞர் அமைப்புகள் சிலவும் கூடாது என்றே சொல்லியிருக்கின்றன. வீட்டில் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பெண்கள்: 'கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா' ஆண்களுக்கு மட்டும். படித்ததும் எனக்கும் கோபம் வந்தது. ஆனால், 1893-லேயே பாரிஸில் மரியா தெரேம் என்ற பெண்மணி, ஆணும் பெண்ணும் சமமாகச் சேரும் தனிப் பிரிவைத் தொடங்கினார். அன்னி பெசன்ட் 1902-ல் அதில் சேர்ந்து, இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். 'கோ-மேசன்ரி' என்ற அந்த மரபுக்கும் சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டி வட்டாரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆண்கள் லாட்ஜ்கள் அதை அங்கீகரிப்பதில்லை.

எப்படிச் சேர்வது? படிப்படியாக...

நம் ஊர் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பங்காளி, வகையறா எல்லாமே பிறப்பிலேயே முடிவாகிவிடும். கோயில் திருவிழாவில் எந்த நாள் மண்டகப்படி யாருக்கு என்பதும் பரம்பரையாக வரும். யாரும் விண்ணப்பம் போட்டுப் பங்காளி ஆவதில்லை. ஃப்ரீமேசன் அப்படியே நேரெதிர். நீங்களாகக் கேட்டால்தான் உள்ளே போக முடியும். வலியப் போய் ஆள் பிடிப்பது அவர்கள் மரபில் இல்லை.

1. உங்களுக்குத் தெரிந்த உறுப்பினர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்கலாம். இல்லாவிட்டால் கிராண்ட் லாட்ஜின் அதிகாரபூர்வ இணையதளம் வழியாகத் தொடர்புகொள்ளலாம்.

2. ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அவர்கள் உங்களை நன்றாகத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதால், சில மாதங்கள் பழகிப் பார்ப்பார்கள்.

3. ஒரு குழு நேரில் பேசும். ஏன் சேர நினைக்கிறீர்கள், வீட்டில் தெரியுமா, செலவைத் தாங்க முடியுமா என்று கேட்பார்கள்.

4. ரகசிய வாக்கெடுப்பு. ஒரு பெட்டியில் வெள்ளை அல்லது கறுப்புக் கோலியைப் போடுவார்கள். இதில் பெரும்பான்மைக் கணக்கு இல்லை; சில கறுப்புக் கோலிகள் விழுந்தாலே விண்ணப்பம் தள்ளுபடி.

5. அதன் பிறகுதான் சேர்க்கும் சடங்கு. மூன்று படிநிலைகள் இருக்கின்றன: பயிற்சியாளர், சக தொழிலாளி, தலைமைத் தச்சர். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக இடைவெளி விடுவார்கள்.

மொத்தத்தில் மாதக்கணக்கில் ஆகும் வேலை. 'நாளைக்குள்ள பணம் கட்டு' என்று சொல்வதற்கு இதில் இடமே இல்லை. அக்கா மகனுக்கு வந்த மெசேஜ் போலி என்பதற்கு இந்த ஒன்று போதும்.

அந்த ரகசியம் என்னதான்?

கை குலுக்கும் விதம், சில அடையாளச் சொற்கள், சைகைகள். அவ்வளவுதான். லண்டனில் 1730-லேயே சாமுவேல் ப்ரிச்சர்ட் என்பவர் சடங்குகளை எல்லாம் புத்தகமாகப் போட்டுவிட்டார்! புதிதாகச் சேர்கிறவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, ஒரு பக்கம் பேன்ட்டை முழங்கால் வரை மடித்து உள்ளே அழைத்துப்போவார்கள் என்பதும் ஊரறிந்த ரகசியம்தான். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதாக அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். உறுதிமொழிக்கு முன்பு, சொந்த விருப்பத்தில்தான் வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

செலவு எவ்வளவு?

நுழைவுக் கட்டணம், வருடச் சந்தா, ஏப்ரன், ஃபார்மல் டிரஸ், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சாப்பாட்டுப் பங்கு, நன்கொடை என்று இருக்கிறது. தொகை லாட்ஜுக்கு லாட்ஜ் மாறும். அதனால் "முதல் வருஷம் மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று நேராகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ போய்வரும் பஸ் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடியும்போது ராத்திரி ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாணவர்களுக்கு இது புதுப் பிரச்னை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1819-ல் தொடங்கிய 'அப்போலோ யுனிவர்சிட்டி லாட்ஜ்' இன்றும் இயங்குகிறது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1875-ல், மாணவராக அதில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் சந்தா கட்டவில்லை. உறுப்பினர் பதவி தானாகப் போனது. இன்று இங்கிலாந்தில் மாணவர்களைக் கவனத்தில் வைத்தே 2005 முதல் 'யுனிவர்சிட்டீஸ் ஸ்கீம்' என்ற தனித் திட்டம் நடக்கிறது. அங்கே படிக்கப் போகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

சேர்ந்தா வேலை கிடைக்குமா?

பல பேர் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி இது. இதற்கு ஒரு நிஜ வாழ்க்கையே பதில்.

1884 பிப்ரவரி 19. கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் 21 வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். பெயர் நரேந்திரநாத் தத்தா. பி.ஏ. முடித்து, சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அதே மாதம் அப்பா திடீரென்று இறந்துபோனார். குடும்பம் கடனில் நின்றது. கையில் விண்ணப்பத்தோடு, காலில் செருப்பில்லாமல், பசியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அதே வருஷம் மே மாதம் மூன்றாம் படிநிலையும் முடித்தார். ஆனால், கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். அந்த இளைஞரைத்தான் பின்னால் உலகம் விவேகானந்தர் என்று அழைத்தது.

உறுப்பினர் அட்டை வேலை வாங்கித் தராது. சொந்த லாபத்துக்காக உறுப்பினர் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்பது இவர்களின் விதியும்கூட. பழக்கத்தில் கிடைக்கும் நட்பு, மேடையில் பேசும் தைரியம், உங்களைவிட முப்பது வயது மூத்தவரோடு சமமாக உட்கார்ந்து பேசும் வாய்ப்பு... இவை கிடைக்கலாம். வேலைக்காக மட்டும் சேர்கிறீர்கள் என்றால் வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போறீங்களா?

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃப்ரட்டர்னிட்டி' என்ற மாணவர் சங்கங்கள் பிரபலம். கிரேக்க எழுத்துகளில் பெயர் இருக்கும். இது வேறு மரபு. 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய 'ஃபை பீட்டா காப்பா'வில் இருந்து வருகிறது. தெற்காசிய மாணவர்களே தொடங்கியவையும் உண்டு. 1998-ல் ஆஸ்டினில் தொடங்கிய 'டெல்டா எப்சிலான் சை' ஓர் உதாரணம். ஆனால், புதுசாகச் சேர்கிறவர்களைக் குடிக்கவைத்துக் கொடுமை செய்யும் பழக்கத்தால் மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். அதனால் 2024 டிசம்பரில் அங்கே தேசிய அளவில் சட்டமே கொண்டுவந்தார்கள். கல்லூரிகள் இத்தகைய சம்பவங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். சேர்வதற்கு முன் அந்த அறிக்கையைப் படியுங்கள்.

ஜெர்மனியில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அங்கே பழைய மாணவர் சங்கங்கள் தங்கள் வீட்டில் மலிவு வாடகைக்கு இடம் தரும். சில சங்கங்களில் நிஜ வாளோடு சண்டைப் பயிற்சி உண்டு. சிலவற்றில் தீவிர வலதுசாரி அரசியல் உண்டு. 2011-ல், சீன வம்சாவளி மாணவரைச் சேர்த்ததற்காக ஒரு சங்கத்தையே நீக்க வேண்டும் என்று அவர்களின் கூட்டமைப்பில் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். வாடகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சடங்கா, ராகிங்கா?

1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதன் பிறகுதான் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கல்லூரிக்கு வெளியே நடக்கும் ராகிங்குக்கும் பொருந்தும். 'எங்க கேங்ல சேரணும்னா இதைச் செய்' என்று எந்த சீனியர் சொன்னாலும், அது மரபும் இல்லை, சடங்கும் இல்லை. ராகிங் தடுப்பு உதவி எண்: 1800-180-5522.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

ஃப்ரீமேசனோ, சாதிச் சங்கமோ, காலேஜ் கேங்கோ, எதுவாக இருந்தாலும் இவற்றைக் கேளுங்கள்.

* நானாகத் தேடிப் போனேனா, என்னைத் தேடி வந்தார்களா?
* யோசிக்க நேரம் தருகிறார்களா, அவசரப்படுத்துகிறார்களா?
* முழுச் செலவையும் முன்பே சொல்கிறார்களா?
* நான் சேர்ந்ததை அம்மாவிடம் சொல்ல முடியுமா?
* பிடிக்கவில்லை என்றால் விலகலாமா? விலகியவர் யாரிடமாவது பேசிப் பார்த்தேனா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஃப்ரீமேசன் லாட்ஜிலிருந்து பாக்கியைக் கட்டிவிட்டு, கடிதம் கொடுத்து விலகலாம். நல்ல சங்கத்துக்கு உள்ளே போகும் கதவு குறுகலாக இருக்கும். வெளியே வரும் கதவு அகலமாக இருக்கும். மோசடிக்கும் கேங்குக்கும் அப்படியே தலைகீழ்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

21 வரைக்கும் என்ன பண்றது?

கல்லூரியிலேயே என்.எஸ்.எஸ். இருக்கிறது. வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷம். காசு கிடையாது, சர்டிஃபிகேட் உண்டு. 18 முடிந்தவர்களுக்கு ரோட்டராக்ட். 1968-ல் தொடங்கியது, பெண்களும் சேரலாம். ரத்ததானம், யூத் ரெட் கிராஸ் இருக்கின்றன. ஒரு சங்கத்தில் வேலை எப்படி நடக்கிறது, கணக்கை எப்படி எழுதுகிறார்கள், கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள இவை போதும்.

அக்கா மகனுக்கு இப்போது வயசு 19. அந்த இன்ஸ்டா கணக்கை ரிப்போர்ட் செய்துவிட்டான். பரீட்சை ஃபீஸும் கட்டியாகிவிட்டது. போன வாரம் திருக்கோகர்ணம் போயிருந்தபோது, ரெண்டு பேரும் பக்கத்திலேயே இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு நடந்து போனோம்.

வெளியே வரும்போது, "21 ஆனதும் எழும்பூருக்கு நேர்ல போய்க் கேட்கட்டுமா சித்தி?" என்றான்.

"தாராளமா கேளு. உங்கம்மாகிட்டயும் சொல்லிட்டுப் போ."